மழைச் சத்தமும் விழித்திருக்கும் மூளையும்

தகரக் கூரையின் கீழ் வளர்ந்தவர்களுக்கு மழையின் கனத்தைக் காதாலேயே நிறுக்கத் தெரியும். 2018 டிசெம்பரில் இலங்கையின் வடக்கிலுள்ள இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது ஆரம்ப வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் இப்போது உயர்தரம் படிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அதற்குச் சற்று முன்னர், 2016, 2017 ஆண்டுகளில், மழை பொய்த்துக் குளங்கள் வற்றியதையும் அவர்கள் கண்டவர்கள். மார்கழி இரவொன்றில் மழை வலுத்ததும் காலநிலை பற்றிய கவலையோடு புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் நிற்கும் பிள்ளையிடம் “சும்மா யோசிக்காமல் படு” என்று சொல்வதால் ஏன் பயனில்லை என்பதை மூளையின் இயக்கத்தைக் கொண்டே விளக்கலாம்.

ஆபத்தை முதலில் உணர்வது மூளையின் உட்பகுதியிலுள்ள, வாதுமைப் பருப்பு வடிவிலான அமிக்டலா. அது எழுப்பும் சமிக்ஞை ஐப்போதலமஸ் வழியாக அதிரினல் சுரப்பிகளைத் தூண்ட, கோர்ட்டிசோல் என்னும் ஓமோன் குருதியில் கலந்து உடலைத் தயார் நிலையில் வைக்கிறது. வயலுக்குள் யானை இறங்கினால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். யானை காட்டுக்குத் திரும்பியதும் அதுவும் அடங்கிவிடும். காலநிலை மாற்றமோ திரும்பிப் போகாத யானை. அச்சத்தை நெறிப்படுத்தும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி பெறுவதால், இந்த ஓயாத எச்சரிக்கையை இளையோர் பெரியவர்களைவிடக் கடுமையாக உணர்கிறார்கள் என்பதில் வியப்பில்லை.

ஆபத்து உறுதியாக வரும் என்று அறிவதைவிட, வருமா வராதா என்று தெரியாமல் இருப்பதே உடலை அதிகம் வதைக்கிறது. 2016இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு கணினி விளையாட்டின் மூலம் இதைக் காட்டினார்கள். கல்லின் கீழ் பாம்பு இருக்கிறதா என்று பங்குபற்றியவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்றிருந்தபோது இல்லாத பதற்றம், வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோது உச்சத்துக்குப் போனது. விறகு பொறுக்கப் போய்ப் பழகிய வன்னி மக்களுக்கு இதை விளக்க ஆய்வுகூடம் தேவையில்லைதான்.

2021இல் பத்து நாடுகளைச் சேர்ந்த, 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 இளையோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 59 சதவீதத்தினர் காலநிலை குறித்து மிகுந்த கவலை கொண்டிருந்தனர். 45 சதவீதத்தினர் அது தமது அன்றாட வாழ்வைப் பாதிப்பதாகக் கூறினர். இலங்கை அந்தப் பத்தில் இல்லை. உண்மையான ஆபத்தைக் கண்டு கவலைப்படுவது நோயன்று. அந்தக் கவலை செயலிழப்பாக உறையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த உறைநிலையைப் பற்றிய அறிவியலே ஒருமுறை தலைகீழாகியிருக்கிறது. தப்ப வழியில்லாத துன்பத்துக்குள்ளான விலங்குகள் பின்னர் வழி கிடைத்தாலும் முயலாமல் இருப்பதை 1967இல் அமெரிக்க உளவியலாளர்களான செலிக்மனும் மேயரும் கண்டு, அவை கையறுநிலையைக் கற்றுக்கொண்டதாக விளக்கினர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அந்த விளக்கத்தை அவர்களே மாற்றிக்கொண்டனர். நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை. ‘என் செயலால் ஏதோ மாறுகிறது’ என்பதே கற்கப்படுவது. செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை முன்மூளை ஒருமுறை கண்டறிந்துவிட்டால், பின்னர் வரும், கட்டுப்படுத்த முடியாத துன்பத்திலும் அது முடக்கத்தைத் தடுக்கிறது என்பது எலிகளில் உறுதியாகியிருக்கிறது.

ஆகவே, இளையோரிடம் கொடுக்கும் வேலை பெரிதா சிறிதா என்பதைவிட, அதன் விளைவு அவர்கள் கண்ணில் படுமா என்பதே முக்கியம். படம் எடுப்பதற்காக மரக்கன்று நட்டு, ஆடி வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அது கருகுவதைப் பிள்ளைகள் பார்க்கும்படி விடுவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசமானது என்பது என் கருத்து. கரிம உமிழ்வில் மிகச் சிறிய பங்கே கொண்ட நாட்டின் பிள்ளைகள் மீது குற்ற உணர்வைச் சுமத்துவதும் நியாயமில்லை. குளக்கட்டில் பனை விதை ஊன்றலாம்; காலபோகத்துக்கு முன் கமக்காரர் அமைப்போடு சேர்ந்து வாய்க்கால் துப்புரவாக்கலாம்.

இன்னும் எளிய வேலை மழைமானி. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்துப் பகுதியை அறுத்து, மூடியைக் கழற்றித் தலைகீழாகப் புனல்போல உள்ளே செருக வேண்டும். அடிப்பகுதி வளைந்திருப்பதால் கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கி, பக்கங்கள் நேராகும் இடத்தை எட்டும்வரை நீர் ஊற்றி, அந்த நீர்மட்டத்தில் பூச்சியக் கோடு வரைந்து, அங்கிருந்து மேல்நோக்கி அடிமட்டத்தால் மில்லிமீற்றர்களைக் குறிக்கலாம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். வளிமண்டலவியல் திணைக்களத்தைப் போலவே ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு அளந்து எழுதினால், இரவு கேட்ட சத்தம் காலையில் ஓர் எண்ணாகிவிடுகிறது. நான்கு ஊர்களின் பிள்ளைகள் தத்தம் எண்களைப் பகிர்ந்துகொண்டால், இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் ஏன் ஏறுகிறது என்று அவர்களுக்கே புரியத் தொடங்கும்.

எண்களால் தீராத கவலையும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ உணவோ படிப்போ குலைந்தால் மருத்துவமனையின் உளநலப் பிரிவை நாடலாம், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். மற்றப்படி, மழை விட்ட காலையில் வரம்பில் நிற்கும் ஒருவர் “நேற்று எத்தனை மில்லிமீற்றர் பிள்ளை?” என்று கேட்டாலே, அந்தப் பிள்ளை கொப்பியைத் திறந்துவிடும்.