வியா ஃபெராட்டா: கம்பியில் மாட்டியிருக்கிறோம் என்று விழுந்துவிடாதீர்கள்

பாறையில் நிரந்தரமாகப் பொருத்திய இரும்புக் கம்பிவடத்தில் நம்மை மாட்டிக்கொண்டு ஏறும் பாதைக்குப் பெயர்தான் வியா ஃபெராட்டா. மலையேற்ற வழிகாட்டியாக இருக்கிறவன் என்பதால், புதிதாக வருகிறவர்களிடமிருந்து ஒரு கேள்வியை ஓயாமல் கேட்கிறேன். "இரும்புக் கம்பியில்தான் மாட்டியிருக்கிறோமே, விழுந்தால் என்ன ஆகிவிடும்?" நிறைய ஆகும். சாதாரணப் பாறையேற்றத்தில் மேலிருந்து கயிறு பிடித்திருந்தால் கை விட்டாலும் கொஞ்சம்தான் இறங்குவீர்கள், கயிறும் இழுபட்டு வேகத்தை வாங்கிக்கொள்ளும். இங்கே கம்பிவடம் சில மீட்டருக்கு ஒரு ஆணியில் பாறையோடு பொருத்தப்பட்டிருக்கிறது. செங்குத்தான இடத்தில் மேல் ஆணியைத் தொடப்போகும்போது கை நழுவினால், கீழ் ஆணி வரை வழுக்கிக்கொண்டு போய், அதற்குக் கீழேயும், உங்களைக் கம்பிவடத்தோடு இணைக்கும் பட்டையான லேன்யார்டின் நீளத்துக்கு விழுந்த பிறகுதான் நிற்பீர்கள். ஆணிகளுக்கு நடுவே 4 மீட்டர் என்றால் சுமார் 5 மீட்டர் விழுகிறீர்கள். அதற்கு மேல், விழும் விசையை வாங்கிக்கொள்ளும் எனர்ஜி அப்சார்பர் என்ற பகுதி கிழிந்து நீளும் தூரம் வேறு. வழியில் இரும்புப் படிகளும் பாறை விளிம்புகளும் இருக்கும். உயிர் தப்பினாலும் எலும்பு தப்பும் என்று சொல்ல முடியாது.

அதனால்தான் வியா ஃபெராட்டாவுக்கென்றே செய்த செட் வேண்டும்: லேன்யார்டின் இரண்டு கைகள், அவற்றின் நுனியில் கேரபினர் என்ற பூட்டுக் கொக்கிகள், அப்சார்பர் எல்லாம் சேர்ந்தது. சாதாரண ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா) இரண்டையும் கேரபினரையும் வைத்து நீங்களே கட்டிக்கொள்ள நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். ஸ்லிங் நீளாது, விழுந்த விசை முழுவதும் அப்படியே உங்கள் உடம்புக்கோ ஸ்லிங்குக்கோ போகும், இரண்டில் ஒன்று தாங்காது. வாங்கும் செட்டில் இஎன் 958 என்ற ஐரோப்பியத் தரக் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2017ல் திருத்திய இந்தத் தரத்தின்படி செட்டை 40 கிலோ, 120 கிலோ எடைகளை வைத்துச் சோதிக்கிறார்கள். ஆக 40 கிலோவுக்குக் குறைவான குழந்தையை வெறும் செட்டை நம்பி ஏற்றக்கூடாது, அனுபவமுள்ள ஒருவர் மேலிருந்து தனிக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். அப்சார்பர் ஒரு தடவை கிழிந்துவிட்டால் அந்த செட்டின் வேலை அவ்வளவுதான், தூக்கிப் போடுங்கள்.

அடுத்து மாட்டும் முறை. ஆணியை அடைந்ததும் ஒரு கேரபினரைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டுங்கள், அது பூட்டிவிட்டதா என்று பார்த்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள், இரண்டும் ஒரே சமயத்தில் வெளியே இருக்கவே கூடாது. சும்மா இருக்கும் லேன்யார்டு கையை இடுப்பில் கட்டும் ஹார்னஸில் மாட்டி வைக்கும் பழக்கமும் ஆபத்து, ஏனென்றால் விழும்போது அப்சார்பர் கிழியாமலே விசை முழுவதும் உடம்புக்கு வந்துவிடலாம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒருவர்தான் இருக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் இன்னும் தள்ளி நில்லுங்கள், மேலே இருப்பவர் விழுந்தால் கீழ் ஆணியைத் தாண்டி உங்கள் தலைமேல்தான் வருவார்.

பலரை மாட்டிவிடுவது கை சோர்வு. மீட்கப்படுகிறவர்களில் நிறைய பேர் ஒரு கீறல்கூட இல்லாதவர்கள், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நடுவில் நின்றுபோனவர்கள். கம்பியைக் கையால் இழுத்து ஏறாமல் காலால் எழும்புங்கள். நின்று மூச்சு வாங்க, செட்டில் ஓய்வுக்கென்று உள்ள குட்டைக் கையைப் படியில் மாட்டி அதில் உட்காருங்கள், ஆனால் அடுத்த அடி வைப்பதற்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும். அதில் அப்சார்பர் கிடையாது.

முதல் தடவை ஏ அல்லது பி தரத்துப் பாதை, அதாவது எளிதான பாதை, போதும். தர எழுத்தோடு நிற்காமல், நடுவில் வெளியேற வழி இருக்கிறதா, கீழிறங்கும் பாதை எப்படி என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் கையுறையும் கட்டாயம்.

அப்புறம் வானிலை. கம்பிவடம் மின்னலை நெடுந்தூரம் கடத்தும், மழையில் படியும் பாறையும் வழுக்கும். கோடையில் மலைகளில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மேகம் திரள்வதைக் கம்பியைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிட்டால், எவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்திருந்தாலும் சரி, அன்றைக்கு ஏற வேண்டாம்.