கல்லைக் கழுவாதீர்கள், முதலில், எடுக்கவே எடுக்காதீர்கள்

மறுபடியும் ஒரு மஞ்சள் பை. உள்ளே, ஆதிமனிதர் செதுக்கிய கற்கருவிகள் என்று ஒருவர் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்த கற்கள். "சார், கார்பன் டேட்டிங் பண்ணி வயசு சொல்லுங்க." சென்னைக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் ஓர் ஓடையில் பொறுக்கினாராம். எந்த இடம் என்றால், "அங்கதான் சார், எங்க பார்த்தாலும் கிடக்குது."

கார்பன் முறை கல்லுக்குக் கிடையாது. கரி, மரம், எலும்பு என்று ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான். அதுவும் சுமார் 50,000 ஆண்டு வரைக்கும்தான். கல்லுக்கே வயது கேட்டால் பாறை உண்டான காலம் வரும், அது டைனோசருக்கும் முந்தையது. நமக்கு வேண்டியதோ அதை ஒரு கை உடைத்துச் செதுக்கிய காலம். அதைச் சொல்வது கல் கிடந்த மண்ணடுக்கு. அதைத்தான் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடாரிகளுக்கு (கையில் பிடித்து வெட்டச் செதுக்கிய பெரிய கற்கள்) சுமார் 15 லட்சம் ஆண்டு என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தார்களே, எப்படி? கல் வெளியே கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு அதில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்கள் உண்டாகும், புதைந்தபின் அவை சிதையும். ஆழத்தில் புதைந்திருந்த கற்களில் அவை எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று அளந்தார்கள். மண்ணில் பதிந்திருந்த பூமியின் பழைய காந்தத் திசையையும் ஒத்துப் பார்த்தார்கள். ஓடையில் வெயில் காய்ந்த கல்லில் இந்தக் கணக்கு குழம்பிவிடும். அதே ஊரில் மேலடுக்குகளில் பெரிய கைக்கோடாரிகள் குறைந்து கல்லிலிருந்து பெயர்த்த சிறு செதில் கருவிகள் வருகின்றன. அந்த மாற்றத்துக்குச் சொல்லும் 3.85 லட்சம் ஆண்டு, மண் கடைசியாக வெளிச்சம் பார்த்த காலத்தின் கணக்கு. மண்வெட்டியால் கிளறினால் அந்தக் கணக்கு நீங்கள் கிளறிய நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்!

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்: வாட்ஸப்பில் "ஆதித்தமிழன் ஆயுதம்" என்று போடாதீர்கள். நம் மனித இனத்துக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அந்தக் கைக்கோடாரிகளைச் செய்தவர்களின் எலும்பு என்று உறுதியாகச் சொல்ல எதுவும் அங்கே கிடைக்கவில்லை.

1863-இல் பல்லாவரத்துச் சரளைக் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்ததும் ஒற்றைக் கற்கருவிதான். எங்கே, எந்தச் சரளையில் என்று குறித்துவைத்தார், அதனால் இன்றும் அது சான்று. (சரளை லாரிகளில் ஏறிப்போய் வீட்டு மனைகளில் கொட்டப்பட்ட கோடாரிகளைப் பற்றி என்னிடம் பேச்செடுக்காதீர்கள்.)

கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படமெடுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறியுங்கள். தொல்லியல் துறைக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தால் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிடாதீர்கள், அது இன்னும் மோசம். எங்கே எடுத்தீர்கள் என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ஒட்டியிருக்கும் மண் எந்த அடுக்கு என்று காட்டக்கூடும். தயவுசெய்து பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்.