மடாலயச் சுவரில் ஒரு நாணமற்ற உருவம்: பொருள் சொல்வதற்கு முன்

பழைய தேவாலயங்களின் கற்சிற்பங்களைப் பதிவுசெய்யும் பணியில் இருக்கும் என்னிடம், கால்களை அகற்றித் தன் பிறப்புறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் பெண்ணுருவத்தைக் கண்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘இது எந்தத் தெய்வம்?’ என்பதே. கேள்வியிலேயே விடை ஒளிந்திருப்பதுதான் சிக்கல்.

இத்தகைய உருவங்களுக்கு இன்று வழங்கும் ‘ஷீலா-ந-கிக்’ என்ற பெயர் 1840-களில்தான் அயர்லாந்துத் தொல்பொருள் ஆய்வாளர்களின் எழுத்தில் இடம்பெறுகிறது. சிற்பிகள் இவற்றை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு அந்தப் பெயர் சான்றாகாது. ஆகவே பெயரை வைத்துத் தொடங்காமல், கல் இருக்கும் இடத்தை வைத்துத் தொடங்குவதே என் வழக்கம்.

இங்கிலாந்தின் ஹெரெஃபோர்ட்ஷயரில், ஏறத்தாழ 1140-இல் எழுந்த கில்பெக் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளலாம். குளோஸ்டர் மடத்தைச் சார்ந்த சிறு துறவிமடம் ஒன்றும் அருகில் இருந்தது. அங்கே இறவாரத்தின் கீழ் எஞ்சியிருக்கும் 80-க்கும் மேற்பட்ட தாங்குகற்களில் ஒன்றே இந்தப் பெண். அவளோடு நாயும் முயலும், இசைக்கருவி வாசிப்பவரும், விசித்திர விலங்குகளும் அதே வரிசையில் இருக்கின்றன. அவளை மட்டும் நெருக்கத்தில் படம் எடுத்துப் பரப்பும்போது அந்த வரிசை காணாமல் போகிறது, தெய்வம் பிறந்துவிடுகிறது.

ஸ்பெயினின் கான்டாப்ரியாவில் உள்ள செர்வாத்தோஸ் தேவாலயத்தில் ஆணுருவங்களும் இதே கோலத்தில் நிற்கின்றன. பிரான்சில், மொய்சாக் மடாலய வாயிலில், மார்பைப் பாம்புகள் கடிக்கும் பெண் காமம் என்ற பாவத்தின் உருவமாக நிற்கிறாள். பேராசை பிடித்த செல்வனின் கதையும் அதே வாயிலில் இடம்பெறுகிறது. இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தே, காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்ற விளக்கத்தை ஆய்வாளர்கள் ஆன்டனி வேயரும் ஜேம்ஸ் ஜெர்மனும் 1986-இல் விரிவாக முன்வைத்தார்கள். ரோமனெஸ்க் காலத் (ஏறத்தாழ 11, 12-ஆம் நூற்றாண்டுகள்) தேவாலயங்களைப் பொறுத்தவரை இதுவே எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது. ஆனால் அயர்லாந்தின் பிற்காலக் கோட்டைச் சுவர்களில் தனித்திருக்கும் உருவங்களுக்கு இது அப்படியே பொருந்துவதில்லை. அங்கே காவல் உருவம் என்ற கருத்தை நான் ஒதுக்கமாட்டேன்.

துறவிகள் எல்லோரும் இத்தகைய சிற்பங்களை ஏற்றார்கள் என்றும் எண்ண வேண்டாம். ஏறத்தாழ 1125-இல் பிரெஞ்சு மடாதிபதி கிளேர்வோ பெர்னார்ட், மடத்து முற்றங்களில் படிக்கும் சகோதரர்களின் கண்முன் இந்த விகார உருவங்களுக்கு என்ன வேலை என்று கடிந்து எழுதினார். அவர் சாடியது விலங்குகளையும் கலப்புருவங்களையும்தான். எனினும் செதுக்கியவரின் எண்ணமும் பார்த்தவரின் எண்ணமும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே போதிய சான்று.

காலமும் பொருளை மாற்றுகிறது. அயர்லாந்தில், கார்க் மாவட்டத்தின் பாலிவோர்னியில், புனித கோப்நெட்டின் தலத்தை வலம்வருவோர் சன்னலுக்கு மேலுள்ள உருவத்தைத் தொட்டு வணங்குகிறார்கள். அந்த வழிபாடு உண்மையானது; ஆனால் சிற்பியின் நோக்கத்தை அதிலிருந்து பின்னோக்கி ஊகிக்க முடியாது. அதே நாட்டின் க்ளோன்மக்னாய்ஸ் மடாலயத் தலத்தில், 1167-இல் டெர்வோர்கில் என்ற அரச குலப் பெண் முடித்துவைத்த கன்னியாஸ்திரீகள் தேவாலயத்தின் வளைவில் தேடினால்தான் தென்படும் சிற்றுருவம் ஒன்றுண்டு. அந்த வளைவோ 19-ஆம் நூற்றாண்டில் சரிவிலிருந்து மீட்டு நிறுத்தப்பட்டது. எனவே சுண்ணச்சாந்து பழையதா, கல் வேறிடத்திலிருந்து வந்து பொருத்தப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

படம் எடுப்பவர்கள் சுவர் முழுவதும் தெரியும்படி ஒன்றாவது எடுத்துவைக்க வேண்டும். அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்துக் கில்டினன் தேவாலயத்து உருவம் 1990 ஜனவரியில் பெயர்த்துத் திருடப்பட்டது. அப்படிப் போகும் கல்லுக்கு அது நின்ற இடத்தைச் சொல்லும் சாட்சி பழைய படங்களும் குறிப்புகளும் மட்டுமே.