பாலைவன உப்பும் பங்குச் சண்டையும்: செல்வத்துக்கு எல்லை உண்டா?

"ஒருவர் கோடீஸ்வரர் ஆகும்போது வேறு யாரோ ஏழையாகித்தான் தீர வேண்டுமா? உலகில் இருக்கும் செல்வமே இவ்வளவுதானா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சந்தையை நம்புகிறவர் "இல்லை" என்பார். இடதுசாரி "அது கிடக்கட்டும், யார் கையில் சேருகிறது, அதைச் சொல்" என்பார். சூழலியல்காரர் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

முதலில் பணத்தை ஓரமாக வைத்துவிடுவோம். பணம் செல்வத்தின் மீதான உரிமைச் சீட்டு. சீட்டைக் கூட்டினால் பண்டம் கூடாது. 1545இல் தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டெடுக்கப்பட்ட பிறகு ஸ்பெயினுக்குக் கப்பல் கப்பலாக வெள்ளி வந்தது. கோதுமை வயலும் தறியும் அதே வேகத்தில் பெருகவில்லை, விலைகள்தான் ஏறின. அவ்வளவு வெள்ளி வந்த நாட்டின் மன்னர் இரண்டாம் பிலிப், 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பக் கடனைக் கட்டமுடியாமல் கைவிரித்தார். 2009இல் ஜிம்பாப்வே 100 டிரில்லியன் டாலர் நோட்டு அடித்ததும் இதே பாடத்தின் மறுபதிப்பு. ஆகவே கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. உண்ண, உடுக்க, குடியிருக்க, நோய் தீர, அறிந்துகொள்ள உதவும் பண்டங்களும் வசதிகளும் எவ்வளவு பெருக முடியும் என்பதே கேள்வி.

இதற்குத் தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்து உப்பை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பயிருக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்றாலும் பயிரால் அதைத் தொட முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் தேவை. சில பாக்டீரியாக்களும் மின்னலும் அதைச் செய்கின்றன. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்குக் கிடைத்த பெரிய குறுக்குவழி, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் இருந்த சோடியம் நைட்ரேட். அது நீரில் எளிதில் கரையும் உப்பு. வேறு எங்கும் மழை கரைத்துக்கொண்டு போயிருக்கும். அட்டகாமாவில் மழையே இல்லாததால் தங்கிவிட்டது. பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, நொறுக்கி, சூடான நீரில் கரைத்து, தெளிந்த கரைசலை ஆறவிடுவார்கள். 100 மில்லி கொதிநீரில் 180 கிராம் நைட்ரேட் கரையும், உறைநிலைக் குளிரில் 73 கிராம்தான். கூடவே இருக்கும் சாதாரண உப்பின் கரைதிறனோ சூட்டுக்கும் குளிருக்கும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஆறும்போது நைட்ரேட் மட்டும் படிகமாகக் கீழே இறங்கும். பிரித்தெடுக்கும் வேலையைக் குளிரே செய்துவிடுகிறது.

இந்த உப்புக்காக ஒரு போர் நடந்தது. 1878இல் பொலிவியா, ஏற்றுமதியாகும் நைட்ரேட்டின் ஒவ்வொரு குவிண்டாலுக்கும் (அங்கே ஏறத்தாழ 46 கிலோ) 10 சென்டாவோ என்ற சில்லறைக் காசு வரி போட்டது. 1879இல் சிலி படை இறங்கியது. 1884இல் சண்டை முடிந்தபோது பொலிவியா கடற்கரையே இல்லாத நாடாகிவிட்டது. பெரு நைட்ரேட் நிறைந்த தாராபாக்கா பகுதியை இழந்தது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குச் சிலி அரசின் வருவாயில் ஏறத்தாழ பாதி நைட்ரேட் வரிதான். இங்கே 'உனக்கு வந்தால் எனக்குப் போச்சு' என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது. படிவு ஒன்று, உரிமை கோருவோர் மூவர்.

1898இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: கோதுமை உண்ணும் நாடுகள் பஞ்சத்தை நோக்கிப் போகின்றன, நைட்ரேட் படிவுகள் தீரும், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள் வழி காண வேண்டும். வழி கண்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர்.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் ஆகின்றன. அம்மோனியாவாகிவிட்டால் அதை உரமாக்கலாம். பள்ளிப் பாடம். தாளில் எழுத எளிது, கலனில் நடத்துவது கொடுமை. குளிராக வைத்தால் வினை நகராது. சூடாக்கினால் வேகம் வரும். ஆனால் இது வெப்பம் உமிழும் வினை என்பதால் உருவான அம்மோனியா மறுபடி உடைந்து பழைய வாயுக்களாகிவிடும். அழுத்தம் கூட்டினால் நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்கும் திசைக்குச் சாதகம், ஆனால் கலன் வெடிக்கும். ஹேபர் இந்த முட்டுக்கட்டையைச் சமரசத்தால் தாண்டினார்: 500 பாகையை ஒட்டிய வெப்பம், 200 வளிமண்டலத்தை ஒட்டிய அழுத்தம், தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்தும் ஒரு வினையூக்கி. இவ்வளவு செய்தும் ஒரு சுற்றில் வாயுவின் சிறு பங்குதான் அம்மோனியா ஆகும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. வெளிவரும் வாயுவைக் குளிர்வித்தால் அம்மோனியா மட்டும் திரவமாகி இறங்கும். மிச்சத்தைத் திரும்பக் கலனுக்கே அனுப்பு. ஒவ்வொரு சுற்றும் பெரும்பாலும் தோல்விதான், ஆனால் எதுவும் வீணாவதில்லை. 1909இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வகத்தில் அம்மோனியா சொட்டத் தொடங்கியது.

ஹேபர் பயன்படுத்திய வினையூக்கி ஆஸ்மியம். மிக அரிய உலோகம், தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகாது. பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷ் குழு ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து, அலுமினா, பொட்டாசியம் போன்றவற்றைச் சிறிதளவு கலந்த இரும்பு போதும் என்று கண்டது. அரிதானதன் இடத்தில் மலிவானது வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து எஃகு மக்கர் செய்தது. அந்த வெப்ப அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதிலுள்ள கார்பனைப் பிடித்து மீத்தேனாக்கிவிடும். கார்பன் போன எஃகு நொறுங்கி, குழாய் பிளக்கும். அதே நிறுவனத்தின் கார்ல் பாஷ் கண்ட தீர்வு: உள்ளே கார்பன் மிகக் குறைந்த மென்னிரும்பு உறை, வெளியே அழுத்தம் தாங்கும் எஃகு, எஃகில் சிறு துளைகள். உறையைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் எஃகைத் தின்ன நேரமில்லாமல் துளை வழியே வெளியேறிவிடும். 1913இல் ஓப்பாவ் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே முதல் உலகப் போர் வந்ததால் அதே நைட்ரஜன் வெடிமருந்துக்கும் போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு இந்த நைட்ரஜனில் நிற்கிறது. சிலிக்கு என்ன ஆயிற்று? 1930களில் நைட்ரேட் தொழில் சரிந்தது. ஹம்பர்ஸ்டோன் என்ற சுரங்க ஊர் 1960இல் கைவிடப்பட்டு, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பாலைவனத்தில் உப்பு மிச்சமிருந்தது. அதை யாரும் திருடவில்லை. ஆனாலும் அங்கிருந்த செல்வம் போய்விட்டது. இன்னொரு பக்கம், யாருடைய சொத்தும் இல்லாத காற்று செல்வமாகிவிட்டது. பொருளுக்குள் செல்வம் இல்லை. அதை வைத்து என்ன செய்யத் தெரியும் என்பதில் இருக்கிறது.

இங்கேயே நிறுத்தி "ஆகவே எல்லையே இல்லை" என்று கைதட்டுவோர் பலர். அவசரம் வேண்டாம். அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. உலக ஆற்றலில் 1 முதல் 2 சதவீதத்தை இந்த ஒரு வினை விழுங்குகிறது. பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரஜன் ஆற்றில் இறங்குகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆண்டுதோறும் ஆக்சிஜன் வற்றிய நீர்ப்பரப்பு உருவாவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 270 மடங்கு சூடேற்றும். படிவு தீரும் என்ற எல்லை விலகியது. வளிமண்டலம் எவ்வளவு தாங்கும் என்ற எல்லை முன்னால் வந்தது.

புதிய வேதியியல் எதுவும் இல்லாமலும் செல்வம் கூடும். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் போட்ட கணக்கு இது. குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு, திராட்சை மதுவுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியானால் வணிகம் எதற்கு? தனித்தனியாகச் செய்தால் மொத்தம் 390 பேர், இரண்டு பங்கு துணி, இரண்டு பங்கு மது. போர்ச்சுகலின் 170 பேரும் மதுவே செய்தால் 2.125 பங்கு, இங்கிலாந்தின் 220 பேரும் துணியே நெய்தால் 2.2 பங்கு. ஆள் கூடவில்லை, நேரம் கூடவில்லை, இரண்டு பண்டமும் கூடிவிட்டன. கூடுதலை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது, வேலை இழந்த இங்கிலாந்துத் திராட்சைத் தொழிலாளி என்ன ஆவார் என்பதற்கு இந்தக் கணக்கில் விடை இல்லை. அதை மறைத்துவிட்டு இதைப் பாடுகிறவர்கள்தான் இதன் பெயரைக் கெடுத்தார்கள்.

அப்படியிருந்தும் 'ஒருவர் லாபம் இன்னொருவர் நட்டம்' என்ற எண்ணம் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது? ஏனென்றால் மனித வரலாற்றின் பெரும்பகுதியில் அது நடைமுறை உண்மை. பொருளாதாரம் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால் இரட்டிப்பாக 35 ஆண்டு போதும், 0.1 சதவீதம் என்றால் ஏறத்தாழ 700 ஆண்டு. அப்படிப்பட்ட உலகில் ஒரு வாழ்நாளுக்குள் பணக்காரராக வேண்டுமானால் கொள்ளையும் போரும் வாரிசுரிமையும்தான் வழி. மெக்சிகோ கிராமம் ஒன்றை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர், 1965இல் இந்த மனநிலையை விவரித்தார்: நிலம் மட்டுமல்ல, நட்பு, ஆரோக்கியம், மரியாதை எல்லாமே அளவோடு இருப்பதாகவும், ஒருவருக்குக் கூடினால் வேறொருவருக்குக் குறைவதாகவும் மக்கள் நடந்துகொண்டார்கள். பிறர் கண் பட்டுவிடும் என்ற பயமும் இந்த மண்ணில்தான் முளைக்கிறது. கண் பட்டு யாருக்கும் எதுவும் ஆவதில்லை. ஆனால் பொறாமைக்குப் பயந்து வளத்தை ஒளித்துவைப்பதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது.

அரசியல் கொள்கைகளுக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டு வணிகவாதம் இந்தக் கிராமத்து எண்ணத்தை நாடுகளுக்கு இடையே பொருத்தியது. பிரான்சின் நிதியமைச்சர் கோல்பேர் அதன் பெரிய செயல்வீரர். ஏற்றுமதி வெற்றி, இறக்குமதி தோல்வி. இன்று வணிகப் பற்றாக்குறையை 'நம்மிடம் பறித்துவிட்டார்கள்' என்று மேடையில் முழங்கும் தேசியவாதிகள் அதே பள்ளியின் மாணவர்கள்தான். அமெரிக்காவில் நடந்த அண்மை ஆய்வு ஒன்று சுவையானது: செல்வம் இவ்வளவுதான் என்று நம்புகிறவர்கள் இரு கட்சியிலும் இருக்கிறார்கள், அவர்கள் பணக்காரர் மீது வரியையும் கூடுதலாக ஆதரிக்கிறார்கள், குடியேற்றக் கட்டுப்பாட்டையும் கூடுதலாக ஆதரிக்கிறார்கள். ஒரே நம்பிக்கை, இரண்டு திசை அரசியல்.

மார்க்சியர்கள் செல்வத்தை நிலையான தொகையாகப் பார்ப்பதாகப் பலரும் சொல்வது தவறு. முதலாளி வர்க்கம் முந்தைய தலைமுறைகள் அனைத்தையும் விடப் பெரிய உற்பத்தி ஆற்றலைப் படைத்தது என்று 1848இலேயே மார்க்சும் எங்கெல்சும் எழுதிவிட்டார்கள். அவர்கள் வாதம், உழைப்பு உண்டாக்கும் உபரியை யார் எடுத்துக்கொள்கிறார் என்பது. உழைப்பு மட்டுமே செல்வத்தின் ஊற்று அல்ல, இயற்கையும்தான் என்று 1875இல் மார்க்ஸ் தம் தோழர்களையே திருத்தியிருக்கிறார். பின்னால் வந்த தோழர்களில் பலர் அதைப் படிக்கவில்லை போலும்.

தாராளவாதிகள் பரிமாற்றமும் புதுமையும் செல்வத்தைப் பெருக்கும் என்கிறார்கள், நியாயம். அவர்கள் தடுமாறுவது நிலத்தில். நகர நடுவே ஒரு காலி மனையின் விலை ஏறுவது உரிமையாளர் எதையும் படைத்ததால் அல்ல, சுற்றிலும் மற்றவர்கள் படைத்ததால். 1879இல் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் இதைப் பிடித்துக்கொண்டு, வரி முழுவதையும் நில மதிப்பின் மீது போடு என்றார். மனைக்கு வரி போட்டால் மனை ஓடிப்போகாது, குறையவும் செய்யாது. இதை விடக் கெட்டிக்கார வரி யோசனை வந்ததாக நான் நினைக்கவில்லை. நிலம் மட்டுமல்ல, முதலிடம், தனித்த கடற்கரை வீடு, பேர்பெற்ற கல்லூரியின் இருக்கை எல்லாம் இந்த வகை. எவ்வளவு வளர்ந்தாலும் இவை பெருகாது. வளர்ந்த நாடுகளிலும் மக்கள் நெருக்கடியை உணர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு நேரெதிர் முனையில் அறிவு இருக்கிறது. பாஷின் துளைக் குழாயை ஒரு நாடு பயன்படுத்துவதால் இன்னொரு நாட்டுக்குக் குறையாது. இதைப் பொருளாதாரக் கோட்பாடாக 1990இல் வடித்த பால் ரோமருக்கு 2018இல் நோபல் கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் பயன்படுவதற்கு எவரும் தனியாகச் செலவழிக்க மாட்டார். அடிப்படை ஆய்வுக்கு நிதியை வெட்டிவிட்டு வளர்ச்சி பேசும் அரசுகள், இருப்பதிலேயே எல்லை குறைந்த செல்வத்தைத்தான் வெட்டுகின்றன.

வளங்கள் அருகிக்கொண்டே போகும் என்ற பசுமை இயக்கத்தார் வாதத்தைச் சோதித்த ஒரு பந்தயம் பெயர்பெற்றது. 1980இல் சூழலியலாளர் பால் எர்லிக்கும் பொருளாதார நிபுணர் ஜூலியன் சைமனும் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகியவற்றின் விலை மீது 1000 டாலர் மதிப்பில் பந்தயம் கட்டினர். ஏறும் என்றார் எர்லிக், இறங்கும் என்றார் சைமன். பத்தாண்டில் விலை இறங்கியது, எர்லிக் 576.07 டாலர் காசோலை அனுப்பினார். இதைக் கடைசித் தீர்ப்பாகக் காட்டுவது சரியல்ல. வேறு பல பத்தாண்டுகளை எடுத்தால் எர்லிக் வென்றிருப்பார்.

உலோகத்தை விட உறுதியான எல்லை வெப்பம். மனித இனம் இன்று பயன்படுத்தும் ஆற்றல் ஏறத்தாழ 20 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்). அது ஆண்டுக்கு 2.3 சதவீதம் கூடினால் 400 ஆண்டில் கிட்டத்தட்ட 9,000 மடங்கு, அதாவது 1,80,000 டெராவாட். சூரியனிலிருந்து பூமிக்கு வருவதே 1,74,000 டெராவாட்தான். எந்த எரிபொருள் என்பது பொருட்டே இல்லை. பயன்படுத்திய ஆற்றல் எல்லாம் கடைசியில் வெப்பம், பூமி கொதிக்கும்.

சரி, ஆற்றலை ஓரளவில் நிறுத்திவிட்டு மதிப்பை மட்டும் என்றென்றும் வளர்க்கலாமே என்பார்கள். சில நூற்றாண்டுக்கு முடியலாம். ஆனால் மற்றதெல்லாம் வளர்ந்துகொண்டே போனால் மொத்தச் செலவில் ஆற்றலின் பங்கு பூஜ்ஜியத்தை நெருங்க வேண்டும். ஒரு கட்டத்தில் தனியொருவர் தன் மாதச் சம்பளத்தில் உலகின் ஆற்றல் முழுவதையும் வாங்கிவிடலாம். சோறும் சூடும் இல்லாமல் எவரும் வாழ முடியாது என்பதால், அந்த நிலை வரும் முன்பே ஆற்றலை வைத்திருப்பவர் விலையை ஏற்றிவிடுவார்.