சக்கிலிருந்து கழற்றியதும் வட்டம் எங்கே போகிறது?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "6210 பேரிங்குக்கு (வெளிவிட்டம் 90 மி.மீ.) ஹவுசிங் வளையம், அதாவது பேரிங் உட்காரும் வளையம், ஒன்று லேத்தில் கடைந்தேன். மூன்று ஜா சக்கில் பிடித்து உள்ளே போரிங் போட்டேன் (துளையைக் குடைந்தேன்). கழற்றிய பிறகு போர் கேஜை (துளையின் விட்டம் அளக்கும் கருவி) எந்தத் திசையில் வைத்தாலும் 90.01, 90.02 என்றுதான் காட்டுகிறது. ஆனால் பேரிங் இறங்க மறுக்கிறது. மூன்று இடத்தில் மட்டும் உரசல் தடம் விழுகிறது. அளவு சரியாக இருந்தும் ஏன் ஏறவில்லை?"

லேத்தில் பொருளை இறுக்கிப் பிடித்துச் சுழற்றும் தலைதான் சக்; அதன் பிடிப்புத் தாடைகள்தான் ஜா. கேள்வியிலேயே விடை இருக்கிறது: மூன்று இடத்தில். சக்கில் எத்தனை ஜாவோ, உரசலும் அத்தனை.

மூன்று ஜா சக்கின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய ஒரு வட்டு. சக் கீயைத் திருப்பினால் சிறு பெவல் பல்சக்கரம் அந்த வட்டைச் சுழற்றும். மூன்று ஜாக்களும் ஒரே அளவு உள்ளே நகரும். ஜாப், அதாவது கடையப்படும் பொருள், தானாக மையத்துக்கு வரும். நல்ல நிலையில் உள்ள சக்கிலேயே 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ரன் அவுட் (சுழலும்போது மையம் விலகும் ஆட்டம்) இருக்கும். அது போதாது என்றால் நான்கு ஜா சக்கில் டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்து 0.01 மி.மீ. வரை கொண்டுவரலாம். ஐ.டி.ஐ.யில் இதுவரை சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஒரு பொருளுக்கு ஆறு வகை அசைவு உண்டு: மூன்று திசையில் நகர்வு, மூன்று அச்சில் சுழற்சி. அடிப்பரப்பில் மூன்று புள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று என்று ஆறு தாங்கிகள் கொடுத்தால் ஆறும் அடங்கிவிடும். மில்லிங் ஃபிக்ஸ்ச்சர்கள் (மில்லிங் இயந்திரத்தில் ஜாப்பைப் பிடிக்கும் அமைப்புகள்) இந்த 3-2-1 கணக்கில்தான் செய்யப்படுகின்றன. அங்கே இடத்தைத் தீர்மானிக்கும் ஊசிகள் தனி, இறுக்கும் கிளாம்ப் தனி. கிளாம்பின் அழுத்தம் தாங்கியின் மேல் நேராக விழும்படி வைத்தால் ஜாப் வளையாது. மூன்று ஜா சக்கில் அப்படி இல்லை. ஜாப்பின் இடத்தைத் தீர்மானிப்பதும் அதை இறுக்குவதும் அதே மூன்று ஜாக்கள். கனத்த உருளைக்கு இதனால் ஒரு கெடுதலும் வராது. மெல்லிய வளையத்துக்குத்தான் தொல்லை.

மாவு அரிக்கும் சல்லடையின் வளையத்தை மூன்று பக்கத்திலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் பட்ட இடம் உள்ளே போகும். இடைப்பட்ட மூன்று இடமும் வெளியே பிதுங்கும். எஃகு வளையமும் சக்குக்குள் இதையேதான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். வாசகரின் வளையத்தை வெளிவிட்டம் 100, உள்விட்டம் 90, அகலம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், சுவர் 5 மி.மீ. ஒவ்வொரு ஜாவும் 2000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமமான விசையால் அழுத்துகிறது என்போம். சக் கீயில் முழுக் கைபலத்தையும் போட்டால் இதைவிட மிக அதிகமாகவே வரும். வளையம் வளைவதற்கான சூத்திரப்படி ஜாவுக்கு நேரே சுவர் 0.08 மி.மீ. உள்ளே போகிறது, இரண்டு ஜாக்களுக்கு நடுவே 0.07 மி.மீ. வெளியே வருகிறது. அந்த நிலையில் சுவரில் உண்டாகும் தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 215 நியூட்டன். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 வாக்கில் நிரந்தரமாக வளைந்துவிடும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கடைவதற்கு முன்பே ஜாப் கெட்டுவிடும்.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது சுவர்த் தடிமனின் மும்மடி. தடிமன் பாதியானால் வளைவு எட்டு மடங்காகும். இதே வளையத்தின் சுவர் 10 மி.மீ. ஆக இருந்தால் ஜாவுக்கு நேரே உள்ளே போவது 0.009 மி.மீ. மட்டுமே. "போன மாதம் இதே போலக் கடைந்தேன், அப்போது சரியாக வந்ததே" என்று குழம்புகிறவர்கள் முதலில் சுவர்த் தடிமனைப் பார்க்க வேண்டும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் நிற்கும் விசைப்படகுகளின் ஷாஃப்டுக்கு கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) புஷ், அதாவது துளையுள்ள உருளை உறை, கடைகிறவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வெண்கல வகை உலோகங்களின் விறைப்பு எஃகில் ஏறத்தாழ பாதி. அதே சுவர், அதே பிடி என்றால் வளைவு இரண்டு மடங்கு.

இப்படி வளைந்து நிற்கும் வளையத்துக்குள் போரிங் பார் (வெட்டும் டூலைத் தாங்கும் தண்டு) போகிறது. டூலுக்குத் தெரிந்தது ஸ்பிண்டிலின் (சக்கைச் சுழற்றும் தண்டின்) மையம் மட்டும்தான். அது சுத்தமான வட்டத்தையே வெட்டும். உள்ளே தள்ளப்பட்டிருக்கும் இடங்களில் உலோகம் அதிகமாகச் சீவப்படும், பிதுங்கிய இடங்களில் குறைவாக. சக்கில் இருக்கும்போதே டயல் வைத்துப் பார்த்தால் முள் அசையாது. ஜாவைத் தளர்த்தியதும் சுவர் தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. வெளிப்பக்கம் மறுபடி வட்டமாகிவிடும். உள்பக்கம் ஜா இருந்த இடத்தில் 0.08 விரிந்தும், நடுவில் 0.07 சுருங்கியும் மூன்று மூலை கொண்ட வடிவமாகிறது. அந்தச் சுருங்கிய மூன்று இடங்களில்தான் பேரிங் உரசியது.

போர் கேஜ் ஏன் இதைக் காட்டவில்லை என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. ஜாக்கள் 0, 120, 240 பாகையில் இருக்கின்றன. 0 பாகைக்கு நேர் எதிரே 180 பாகை. அங்கே ஜா கிடையாது. மற்ற இரண்டு ஜாக்களின் சரி நடு அது. ஒரு முனையில் ஆரம் 0.08 கூடியிருக்கும்போது எதிர்முனையில் 0.07 குறைந்திருக்கிறது. விட்டம் என்பது இரண்டின் கூட்டுத்தொகை. கூட்டினால் மிஞ்சும் மாற்றம் 0.01 மி.மீ.க்கும் குறைவு! எந்தக் கோணத்தில் வைத்தாலும் இதே கதைதான், ஏனெனில் மூன்று மூலை வடிவத்தில் மேட்டுக்கு எதிரே எப்போதும் பள்ளம் வரும். ஆரத்தில் 0.15 மி.மீ. ஏற்ற இறக்கம் இருந்தும், இரண்டு முனை கொண்ட எந்தக் கருவியும் அதைக் காட்டாது. வெர்னியர், மைக்ரோமீட்டர், சாதாரண போர் கேஜ் மூன்றுமே அப்படித்தான். நான்கு ஜா சக்கில் இதே அளவு நெரிந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். அங்கே ஜாவுக்கு எதிரே ஜாவே இருப்பதால் ஒரு திசையில் விட்டம் கூடும், 45 பாகை திருப்பினால் குறையும். ஒற்றைப்படை மூலைகள் மட்டும்தான் இப்படி மறைந்துகொள்ளும்.

90 மி.மீ. துளைக்கு எச்7 என்ற தர வரம்பின்படி அனுமதி 90.000 முதல் 90.035 வரை. அதோடு ஒப்பிட்டால் 0.15 எவ்வளவு பெரிய பிழை என்று தெரியும். சுத்தியலால் தட்டி பேரிங்கை ஏற்றிவிடலாம்தான். ஆனால் பேரிங்கின் வெளி வளையமும் மெல்லியது. அதுவும் மூன்று மூலையாக மாறி, பந்துகள் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று இடத்தில் நெரிபடும். இரைச்சல், சூடு, கடைசியில் ஓடுதளம் உரிந்துவிடும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. வெளிவட்டம் சரியாக இருப்பதால் பிழை முழுவதும் சுவர்த் தடிமனில் வந்து நிற்கிறது. ஒரு பேரிங் பந்தைக் கிரீஸ் தடவி மைக்ரோமீட்டரின் நிலை முனையில் ஒட்டுங்கள். பந்து வளையத்தின் உள்பக்கம் படும்படி வைத்து, ஜா இருந்த மூன்று இடம், நடுவில் மூன்று இடம் என ஆறு இடத்தில் சுவரை அளந்து, பந்தின் விட்டத்தைக் கழியுங்கள். மாறி மாறி மெலிவும் தடிப்பும் வந்தால் சக்கின் வேலைதான் அது. மூன்று முனை கொண்ட உள் மைக்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: ஒருமுறை அளந்து, 60 பாகை திருப்பி மறுபடி அளந்தால் வித்தியாசம் அப்படியே தெரியும். வெளிவட்டம் மூன்று மூலையாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் 90 பாகை வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டையில்) வைத்து மேலே டயல் வைத்துச் சுழற்றுங்கள். மூன்று மூலைப் பிழையை அது இரண்டு மடங்காக்கிக் காட்டும்.

இனி, வராமல் தடுப்பது எப்படி? முதல் வழி எல்லோருக்கும் கைக்கெட்டியது. ரஃப் கட், அதாவது முதல் முரட்டு வெட்டை, நல்ல பிடியில் முடித்து, விட்டத்தில் 0.4 மி.மீ. போல ஃபினிஷிங்குக்கு விட்டுவைக்க வேண்டும். பிறகு சக்கை முழுவதும் தளர்த்தி, லேசாக மட்டும் இறுக்க வேண்டும். எவ்வளவு லேசாக? 0.2 மி.மீ. ஆழம், 0.1 மி.மீ. ஃபீட் (ஒரு சுற்றில் டூல் நகரும் தூரம்) என்றால் மைல்ட் ஸ்டீலில் வெட்டு விசை சுமார் 60 நியூட்டன்தான். உராய்வுக் கெழு 0.2, பாதுகாப்புக்கு இரண்டரை மடங்கு என்று வைத்தால் ஒரு ஜாவுக்கு 225 நியூட்டன் போதும்.

இங்கே பலரும் மறக்கும் ஒன்று: சுழலும்போது ஜாக்கள் மையவிலக்கால் வெளியே இழுக்கும். அரைக் கிலோ எடையுள்ள ஜா, மையத்திலிருந்து 70 மி.மீ. தள்ளி, நிமிடத்துக்கு 500 சுற்றில் ஏறக்குறைய 100 நியூட்டனால் இழுக்கும். 1000 சுற்றில் அது 380-ஐத் தாண்டும். லேசான பிடி முழுவதும் போய் ஜாப் பறந்துவிடும். ஆகவே லேசாகப் பிடித்தால் வேகத்தை ஏற்றவே கூடாது. 500 சுற்றுக்கு ஒரு ஜாவுக்கு 350 நியூட்டன் என்று வைத்தால் ஆரத்தில் ஏற்ற இறக்கம் 0.027 மி.மீ. ஆகக் குறைகிறது. 0.15-க்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் எச்7-க்கு விளிம்பில்தான் நிற்கிறது.

பட்டறைகளில் "அவருக்குக் கைராசி, அவர் கடைந்தால் பேரிங் வழுக்கிக்கொண்டு போகும்" என்பார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அப்படிப் பெயர் வாங்கிய டர்னர்கள் இருக்கிறார்கள். கடைசி வெட்டுக்கு முன் அவர் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்: சக் கீயை ஒருமுறை தளர்த்தி, விரலால் திருப்புவது போல் மறுபடி இறுக்குவார். அந்தத் திறமையை ராசி என்று சொல்லி மூடிவைத்தால் அடுத்த தலைமுறை எதைக் கற்கும்? ராசியைக் கற்றுக்கொடுக்க முடியாது. 350 நியூட்டனைக் கற்றுக்கொடுக்க முடியும்.

இரண்டாவது வழி, சாஃப்ட் ஜா. கடினப்படுத்தாத ஜாக்களைச் சக்கில் பூட்டி, அதே சக்கில் வைத்தே ஜாப்பின் வெளிவிட்டத்துக்குக் குடைய வேண்டும். வெறுமனே குடைந்தால் பயனில்லை. ஜாக்களின் உள்பக்கத்தில் ஒரு வட்டத் துண்டைப் பிடித்து இறுக்கிய நிலையில் குடைந்தால்தான் சுருள் பள்ளத்தின் தளர்ச்சி ஒரே பக்கம் ஒதுங்கும். 1, 2, 3 என்று பொறித்த ஜாவை அதே எண் உள்ள காடியில்தான் போட வேண்டும். குடைந்த விட்டம் ஜாப்பைவிடப் பெரிதாகிவிட்டால் ஜாவின் நடுக்கோடு மட்டும் தொடும். மறுபடி மூன்று புள்ளிப் பிடிக்கே வந்துவிடுவோம். சிறிதானால் ஒவ்வொரு ஜாவின் இரண்டு மூலைகளும் ஜாப்பில் தடம் பதிக்கும். ஒவ்வொரு ஜாவும் ஏறத்தாழ 120 பாகையைச் சுற்றிப் பிடிக்கும்படி அகலமாகச் செய்துவிட்டால் அழுத்தம் சுற்றிலும் பரவி வளைவு மிகவும் குறைந்துவிடும். ஆறு ஜா சக்கும் இதே தர்க்கம்தான்: மொத்தப் பிடி அதே அளவு இருந்தும் வளைவு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. பிடியின் திசையையே மாற்றிவிடுவது! வளையத்தின் ஒரு முகத்தை ஃபேசிங் செய்து (சமமாகச் சீவி), அந்த முகத்தை ஃபேஸ் பிளேட்டில் (சக்குக்குப் பதில் லேத்தில் பூட்டும் தட்டை வட்டில்) படியவைத்து, எதிர் முகத்தின் மேல் மூன்று கிளாம்ப் போடுங்கள். அதே 2000 நியூட்டன் இப்போது சுவரை வளைக்காமல் சுவரின் நீளத்தில் அமுக்குகிறது. 20 மி.மீ. அகலத்தில் சராசரிச் சுருக்கம் 0.0004 மி.மீ. தான். விசையில் ஒரு நியூட்டனும் குறையவில்லை. பிழை இருநூறில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் படியும் முகம் சமமாக இருக்க வேண்டும். அடியில் 0.05 மி.மீ. சீவல் ஒன்று சிக்கினால் கிளாம்பே வளையத்தை முறுக்கிவிடும். நம் குமரி மாவட்டத்தில் உப்புக் காற்று வேறு. ஒரு வாரம் ஓடாத ஃபேஸ் பிளேட்டில் துருப் பொருக்கு தட்டும். எண்ணெய்க் கல்லால் தேய்த்து, துணியால் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே ஜாப் ஏற வேண்டும்.

கிரைண்டிங்கில் காந்தச் சக் செய்வதும் இதன் உடன்பிறப்புதான். வளைந்த மெல்லிய தகட்டைக் காந்தம் இழுத்துச் சமமாக்கும், கல் தேய்த்துச் சமமாக்கும், காந்தத்தை அணைத்ததும் தகடு பழைய வளைவுக்கே திரும்பும். இன்றைய சக்குகள் பலவற்றில் நியோடிமியம் காந்தங்கள் இருக்கின்றன. அந்தத் தனிமம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டிலும் உண்டு. தகட்டின் அடியில் இடைவெளி உள்ள இடத்தில் மெல்லிய ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகட்டுத் துண்டு) கொடுத்து, இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதுதான் வழி.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். தொழில்நுட்பக் கல்விக்குப் பணம் ஒதுக்கும்போது கணினி இயக்கும் பெரிய சி.என்.சி. இயந்திரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது; திறப்பு விழாவில் படம் எடுக்கவும் அது வசதி. மூன்று முனை மைக்ரோமீட்டருக்கும் வட்டத்தன்மை அளக்கும் கருவிக்கும் யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆனால் பிழையைக் காணத் தெரியாத மாணவர் எந்த இயந்திரத்தில் நின்றாலும் அதே பிழையை வேகமாகச் செய்வார். கருவிகளுக்கு முதலில் பணம் கொடுங்கள் என்பதே என் கருத்து.

தக்கலை வாசகரின் வளையத்துக்கு வருவோம். ஜா இருந்த மூன்று இடத்தில் உலோகம் ஏற்கெனவே அதிகமாகப் போய்விட்டது. மறுபடி வட்டமாகக் குடைந்தால் விட்டம் 90.16-ஐத் தாண்டும், பேரிங் தளர்ந்துவிடும். 5 மி.மீ. சுவரில் புஷ் ஏற்றவும் இடமில்லை, புதிய துண்டுதான் போட வேண்டும். சுவர் 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் துளையைப் பெரிதாக்கிப் புஷ் போட்டுக் காப்பாற்றலாம். அப்படிச் செய்யும்போது புஷ்ஷைத் தனியாக 90-க்குக் கடைந்து ஏற்றாதீர்கள். அழுத்தி ஏற்றும்போது அது சுருங்கும். உள்விட்டத்தில் 1 மி.மீ. மிச்சம் விட்டு, ஹவுசிங்கில் ஏற்றி, ஃபேஸ் பிளேட்டில் முகம் படியக் கட்டி, அதற்குப் பிறகு கடைசி அளவுக்குக் குடையுங்கள். அளக்கும் முன் ஜாப் ஆறட்டும். கருவியைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 90 மி.மீ. துளை 0.02 மி.மீ. பெரிதாகக் காட்டும்.