அரை டம்ளர் டீ

சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற அன்று எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். "ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்குப் போவீங்கல்ல?" குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம் அது. முக்கால்வாசிப் பேர் "கண்டிப்பா மேடம்" என்பார்கள். சொல்லும்போதே பார்வை தரைக்குப் போய்விடும். போதை மறுவாழ்வு ஆலோசகராகச் சேர்ந்த புதிதில் அந்தக் 'கண்டிப்பா'வை நம்பி, ஒரு துண்டுத்தாளில் முகவரியும் நேரமும் எழுதிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அது போதாது என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு பஸ் மெக்கானிக்.

அவருக்கு வயது 46. மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்து தேறி வீட்டுக்குப் போனவர். ஒரு மாதம் கழித்து மாத்திரை வாங்க வந்தபோது, "மீட்டிங் போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேன் மேடம். மூணு தடவை போனேன். மூணு தடவையும் கேட்டோட திரும்பிட்டேன்."

கூட்டம் நடப்பது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். மூன்றாவது முறை உள்ளே நுழைந்து வராந்தா வரைக்கும் போயிருக்கிறார். வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணிப் பார்த்திருக்கிறார், பதினோரு ஜோடி. பதினோரு பேர் முன்னால் எழுந்து நின்று என்ன சொல்வது என்று நெஞ்சு அடைத்துவிட்டது. திரும்பி நடந்துவிட்டார். அப்புறம் அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "டாஸ்மாக் வாசல்ல வேட்டி விலகிக் கெடந்தப்போ ஊரே பாத்துச்சு மேடம். அப்பல்லாம் வராத வெக்கம், திருந்தலாம்னு ஒரு படி ஏறப்போனா வருது."

இதைக் கோழைத்தனம் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள். குடித்துக்கொண்டிருந்த வரையில் வெட்கத்தை மறக்கடிக்கக் குடி இருந்தது. இப்போது அது இல்லை. பல வருடத்து வெட்கம் மொத்தமும் ஒரே நாளில் வந்து அந்த வாசலில் நிற்கிறது. குடியை நிறுத்தியவருக்கு முதல் மாதங்களில் படபடப்பும் தூக்கமின்மையும் வேறு இருக்கும். நரம்பு மண்டலம் பழைய நிலைக்கு வர அத்தனை நாள் பிடிக்கும். அதனால் பயம் வருவது இயல்பு.

உள்ளே என்னதான் நடக்கும் என்று தெரியாததுதான் பாதி பயம். அதனால் சொல்லிவிடுகிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., நடத்தும் கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, டீ. ஒருவர் தொடங்கிவைப்பார். "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லி ஒவ்வொருவராகத் தன் கதையைப் பேசுவார்கள். அதை 'ஷேரிங்' என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னிக்கு நான் கேட்டுக்கறேன்" என்று சொன்னால் போதும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வேலை, சாதி, ஊர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உண்டியலோ பையோ சுற்றி வரும். புதியவர் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டணமும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்கான தகுதி. நேற்றுக் குடித்தவரும் வரலாம்.

நிறையப் பேர் கேட்கும் இன்னொரு சந்தேகம், "சர்ச்சுல நடக்குதே, மதம் மாத்துவாங்களா?" பல ஊர்களில் குறைந்த வாடகைக்குக் கிடைப்பது சர்ச் ஹாலும் பள்ளிக்கூடமும்தான், அவ்வளவே. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. கடவுளைப் பற்றிய பேச்சு வரும். அதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம்.

"தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா?" என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். சின்ன ஊரில் அது நியாயமான பயமும்கூட. ஆனால் அந்த அறைக்குள் உங்களைப் பார்க்கிறவர் அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதிலும் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டுமே கலந்துகொள்ளும் கூட்டம், வீட்டாரும் மற்றவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. கூச்சம் அதிகம் என்றால் முதல் வகைக்குப் போங்கள். பெண்களுக்கு இந்தப் பயம் பல மடங்கு. ஆண்கள் நிறைந்த அறையில் ஒற்றை ஆளாக நுழையச் சொல்ல எனக்கே மனம் வராது. பெண்களுக்கான தனிக் கூட்டங்களும் இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பதில் தொடங்கினாலும் அது தொடக்கம்தான்.

ஏ.ஏ.வின் கதையே ஒரு தயக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்திருந்த பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வந்த காரியம் தோற்று, ஓட்டல் லாபியில் தனியாக நின்றபோது பார் பக்கம் கால் இழுத்தது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று தொலைபேசியில் தேடி, டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரை அடைந்தார். முதலில் அழைத்த நாளில் டாக்டர் போதையில் இருந்ததால் வர முடியவில்லை. மறுநாள் மனைவியின் வற்புறுத்தலில் வந்தவர் 15 நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். பேச்சு முடிய ஆறு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகும் அவர் ஒருமுறை சறுக்கினார். அந்த ஆண்டு ஜூன் 10தான் அவருடைய கடைசிக் குடி. இந்த இருவரும்தான் ஏ.ஏ.வின் நிறுவனர்கள்; அந்த நாளையே ஏ.ஏ. தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது.

மெக்கானிக்குக்கு வருவதற்கு முன் ஒரு விஷயம். 1981இல் அமெரிக்காவில் 20 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு ஒன்று உண்டு. பத்துப் பேருக்குக் கூட்டத்தின் விவரத்தைக் கொடுத்து, போகச் சொன்னார்கள். மற்ற பத்துப் பேருக்கு ஆலோசகர் தன் முன்னிலையிலேயே ஓர் உறுப்பினருக்குப் போன் போட்டுப் பேசவைத்தார். அந்த உறுப்பினர் கூட வருவதாகச் சொல்லி, முந்தைய நாள் நினைவும்படுத்தினார். இரண்டாவது பத்துப் பேரும் போனார்கள். முதல் பத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. என் துண்டுத்தாள் ஏன் வேலை செய்யவில்லை என்பது இதில் இருக்கிறது.

மெக்கானிக் மாத்திரை வாங்க வந்த அன்றே என் மேசையிலிருந்து ஏ.ஏ.வில் பல வருடமாக இருக்கும் ஒரு பெரியவருக்குப் போன் போட்டு இவரிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். "தம்பி, கேட்டுக்கு எதுத்த டீக்கடைல ஆறரைக்கு நிப்பேன். நீங்க வரலைன்னாலும் நின்னுட்டுத்தான் போவேன்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்விட்டார். கடைசி நாற்காலி, கதவோரம். இடைவேளையில் பெரியவர் டீ கொண்டுவந்து கொடுத்தாராம். மற்றவர்களுக்கு முழு டம்ளர். இவருக்கு மட்டும் அரை டம்ளர். "என் கை நடுங்குறதப் பாத்துட்டார் மேடம். ஒண்ணும் கேக்கல. சிந்தாத அளவுக்கு ஊத்திக் கொடுத்தார்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அன்று அவர் வாயே திறக்கவில்லை. பெயரைச் சொன்னதே மூன்றாவது வாரம்தான்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தினமும் நிறையக் குடிப்பவர் மீட்டிங்கை நம்பித் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: உங்களுக்கென்றே அல்-அனான் என்ற குழுக்கள் உண்டு, குடிப்பவர் மீட்டிங்குக்குப் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். அவரை முதல் நாள் வாசல்வரை கொண்டுபோய் விடுங்கள். வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். திரும்பி வந்ததும் "என்ன சொன்னாங்க, நீ என்ன சொன்ன" என்று கேட்கவும் வேண்டாம். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவருவதுதான் அவர்கள் வழக்கம். சாப்பாடு எடுத்து வையுங்கள், போதும்.