பரிசோதனைக் கவிதை: தொல்காப்பியர் சொல்லும் ‘விருந்து’

சென்னையில் புதுக் கவிஞர்களுக்குப் பாராட்டு விழா நடந்தால், அழைப்பிதழில் ‘பரிசோதனைக் கவிதை’ என்ற தொடரைப் பெரும்பாலும் பார்க்கலாம். பழகிய வடிவத்தையும் சொல்முறையையும் விட்டு விலகி எழுதப்படும் கவிதை என்று பொருள். ‘சோதனை முயற்சி’ என்பதும் இதுவே.

‘பரிசோதனை’ வடசொல். ‘சுத்தம்’ பிறந்த வேரே இதற்கும் வேர். தூய்மை செய்வது மூலப்பொருள், ஆராய்வது பின்னால் வந்தது. ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘முயன்று பார்ப்பது’ என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. இரத்தப் பரிசோதனையில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டறிகிறார்கள்; கவிஞர் இல்லாததை உண்டாக்குகிறார். போதாக்குறைக்கு, ‘சோதனை’ என்றதும் வருமான வரித் துறையும் கஷ்டகாலமும் நினைவுக்கு வரும். (சில கவிதைகள் வாசகருக்கு அப்படித்தான் என்பது வேறு விஷயம்.)

தமிழில் இதற்கு ஒரு சொல் தயாராகவே இருக்கிறது: விருந்து. தொல்காப்பியச் செய்யுளியல் அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என எட்டு வனப்புகளை, அதாவது செய்யுளுக்குரிய அழகுகளை, சொல்கிறது. அவற்றில் விருந்துக்கு இலக்கணம், ‘விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே’. ‘புதுவது புனைந்த’ என்றும் பாடம் உண்டு. முன்பு இல்லாத முறையில் கட்டிய செய்யுள் என்பது கருத்து. உரையாசிரியர் பேராசிரியர் இதற்கு முத்தொள்ளாயிரத்தையும் அந்தாதியையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். இன்று பாடப்புத்தகத்தில் மரபு என்று படிக்கும் அந்தாதி, அவர் கணக்கில் புதுமை!

விருந்து என்றால் முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்தவர், கடைசியில்தான் சாப்பாடு. ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்ற குறளில் விருந்து ஆளைக் குறிக்கிறது, இலையை அல்ல. 1959இல் சி.சு. செல்லப்பா திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ இதழை நடத்தத் தொடங்கியபின் நிலைபெற்ற ‘புதுக்கவிதை’ என்ற பெயரும், 1962இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ என்ற தலைப்பும் இதே பொருளைத்தான் வேறு சொல்லில் சொல்கின்றன.

விருந்தை மிறைக்கவியோடு குழப்பக் கூடாது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மிறைக்கவி என்பது சித்திரகவி. விதியை உடைப்பதல்ல, கூடுதல் விதியைத் தலையில் ஏற்றிக்கொள்வது. நிரோட்டத்தில் இதழ் ஒட்டும், குவியும் எழுத்துகள் வரக் கூடாது. சுழிகுளத்தில் அடிக்கு எட்டெழுத்தாக நான்கடி. எழுத்துகளைக் கட்டத்தில் இட்டால் சுழித்துப் படித்தாலும் அதே பாட்டு வரவேண்டும். மாலைமாற்றைப் பின்னாலிருந்து படித்தாலும் மாறாது. சம்பந்தரின் ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்ற அடியைத் திருப்பினால் அடுத்த அடி கிடைக்கும். இங்கே அலகு முழு எழுத்து. ‘தேரு வருதே’ என்பதைத் தே, ரு, வ, ரு, தே என்று பிரித்தால்தான் சரிவரும். கணினியில் திருப்பும்போது யூனிகோட் குறிகளைத் தனித்தனியாகத் திருப்பினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுக் கழன்றுவிடும்.

இனி, வழங்கும் முறை. கவிஞர் பட்டறையில் செய்து பார்ப்பதைச் ‘சோதனை முயற்சி’ என்றே சொல்லலாம். கைகூடி வந்த கவிதையைக் கட்டுரையில் ‘விருந்து’ என்னலாம். முதல் முறை ‘விருந்து என்னும் வனப்பு’ என்று எழுதினால் குழப்பமில்லை. அழைப்பிதழில் மட்டும் ‘கவிதை விருந்து’ வேண்டாம். பட்டிமன்ற வாசனை வந்துவிடும். வடை பாயசம் எதிர்பார்த்து வருவோரும் உண்டு. அங்கே ‘புதுவடிவக் கவிதை’ போதும்.

எழுதுபவரை ‘வளர்ந்துவரும் கவிஞர்’ என்பது முதுகில் தட்டிக்கொடுப்பது போலிருக்கிறது. ‘இளங்கவிஞர்’ வயதைச் சொல்வது. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. தமிழில் 2013இல் கதிர்பாரதியும் 2019இல் சபரிநாதனும் கவிதைக்காக அதைப் பெற்றார்கள். ஐம்பது வயதில் முதல் தொகுப்பு போடுகிறவரும் இருக்கிறார். அவருக்கு ‘அறிமுகக் கவிஞர்’ பொருந்தும்.